எதிர் நெரை

தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிற எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மலை என்று நாங்கள் சொல்வது தோட்டத்தைத்தான். காலையில் ஆளுக்கு ஒரு நெரை பிரித்துக் கொடுப்பார்கள். நெரை என்றால் கீழ்ப்பாதையில் தொடங்கி மேல்ரோடு வரைக்கும் ஏறிப்போகிற ஒரு வரிசைச் செடி. கை வேகமானவள் சீக்கிரம் மேலே போய்ச் சேர்ந்துவிடுவாள். கை மெதுவானவள் பாதியில் நிற்பாள். அப்போது முடித்தவள் உட்கார்ந்து வெற்றிலை போடமாட்டாள். தன் கொழுந்தை மேல்ரோட்டில் சாக்கு விரித்துக் கொட்டி வைத்துவிட்டு, மெதுவானவளுடைய நெரையின் மேல்முனையில் போய் நின்று, அங்கிருந்து கீழ்நோக்கி எடுத்துக்கொண்டு வருவாள். இவள் ஏற, அவள் இறங்க, நடுவில் ஏதோ ஒரு செடியில் ரெண்டு பேரும் சந்திப்பார்கள். வந்தவள் தன் கூடையில் இருக்கிறதை இவள் கூடையில் கொட்டிவிட்டுப் போய்விடுவாள். இதைத்தான் எதிர் நெரை எடுப்பது என்போம்.

இதற்கு முறை உண்டு. எதிர் நெரை எடுத்துக் கொடு என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. எடுத்துக் கொடுத்தவளுக்கு நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் கூலிக்கு ஆள் வைத்த மாதிரி ஆகிவிடும். மெதுவானவளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு முழு நெரையையும் ஒருத்தியே எடுக்கவும் கூடாது. அது அவளை உதவாக்கரை என்று சொல்வதற்குச் சமம். சந்திக்கிற செடி வரைக்கும்தான். அம்மா மகளுக்கு எடுக்கலாம், மதினி மதினிக்கு எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரிக்கு எடுக்கலாம். ஒரு ஆண் ஒரு பெண்ணுக்கு எடுத்தால் மட்டும் கதை வேறு. அவள் என்னுடையவள் என்று மலை முழுக்கச் சொல்கிற மாதிரி அது.

இந்த வழக்கம் இலங்கையிலிருந்து எங்களோடு கப்பலேறி வந்தது. நான் பிறந்தது அங்கே ஒரு தோட்டத்து லயத்தில். லயம் என்றால் வரிசையாகக் கட்டின ஒற்றை அறை வீடுகள். அஞ்சாம் வகுப்பு முடித்ததும் அம்மா என் தலையில் கூடையை மாட்டிவிட்டாள். கொஞ்ச வருஷத்தில், கவ்வாத்து வெட்டுகிற, அதாவது வளர்ந்த செடியைக் கழித்துவிடுகிற, ஒரு பையன் தன் வேலையை மத்தியானமே முடித்துவிட்டு, என் நெரைக்கு எதிரே இறங்கி வந்தான். நான் நிமிரவே இல்லை. அவன் கொழுந்தைக் கொட்டின சத்தம் மட்டும்தான் கேட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வீட்டார் தட்டோடு வந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்கவில்லை, அவ்வளவுதான். நல்ல மனுஷர். இந்தியாவுக்கு வந்து கோத்தகிரிப் பக்கம் இந்த எஸ்டேட்டில் எங்களைக் குடிவைத்துவிட்டு, சில வருஷத்தில் நெஞ்சு வலியில் போய்விட்டார். நானும் மகனும் மாமியாரும் மிச்சம்.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ரேடியோ. போன மழைக்காலத்தில் ஒரு காலையில் கல்லூரி வாத்தியார் ஒருத்தர் பேசினார். பழைய காலத்துக் கிரேக்க தேசத்தில், கல் தூண் வைத்த ஒரு தாழ்வாரத்தில் கூடிப் பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். அந்த வழியில் பின்னால் வந்த ஒருத்தர் அடிமையாக இருந்தவராம், கால் விந்தி நடப்பாராம். அடிமை என்றதும் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தேன். எங்கே பிறக்கிறோம், சரக்கு என்ன விலைக்குப் போகிறது, ஊர் என்ன பேசுகிறது, இதெல்லாம் நம் கையில் இல்லை. எதைச் சரி என்று ஏற்றுக்கொள்கிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. மகள், தாய், மருமகள், பக்கத்து வீட்டுக்காரி என்று நமக்கு வந்து வாய்க்கிற இடத்தைப் பார்த்தாலே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆசையையும் அறிவைக் கொண்டு அடக்கி வைக்கலாம். அவர் பேசினதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்.

கேட்டுவிட்டு யோசித்தேன். ஆசை நம் கையில் இருக்கிறது என்றால், அந்த ஆசையை நமக்குள் நட்டது யார்? சின்னப் பிள்ளையில் எனக்கு என்ன ஆசை? லயத்துப் பெண்கள் எல்லாருக்கும் இருந்த ஆசைதான். ஒரு மூக்குத்தி, வேகமான கை, யாரும் ஒரு சொல் சொல்லாத வாழ்க்கை. நானாகத் தேடி எடுத்த ஆசை ஒன்றே ஒன்றுதான். அது வந்தது தேயிலைக்கு விலை விழுந்த காலத்தில்.

ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்றார்கள். குன்னூர் ஏலத்தில் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்றார்கள். எங்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும். எங்கள் ஃபேக்டரிப் புகைக்கூண்டில் என்றைக்காவது ஒரு நாள்தான் புகை வந்தது, அது தெரியும். பக்கத்து ஹட்டியில், படுகர் ஊரை அப்படித்தான் சொல்வார்கள், சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருந்த படுகர் ஒருத்தர், மூட்டை கட்டிக் கொண்டுவந்த கொழுந்தை ஃபேக்டரியில் எடுக்கமாட்டோம் என்று சொல்லவே, ரோட்டோரத்தில் கொட்டிவிட்டு, சாக்கை மட்டும் ஒழுங்காக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நடந்துபோனார். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு லயத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சம்பளம் இதோ அதோ என்று தள்ளிப்போனது. இளசுகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். என் மகனும் போய் அங்கேயே கல்யாணம் முடித்துக்கொண்டான். சில பேர் கேத்திக்குக் கேரட் கழுவப் போனார்கள். நான் போகவில்லை. லயத்து வீடு தோட்டத்தில் வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான். நான் நின்றுவிட்டால் மாமியாரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அவருக்குக் கண் மங்கி, இடுப்பும் விட்டுப்போயிருந்தது. வாய் மட்டும் நன்றாக இருந்தது.

ஃபேக்டரி ஓடாததால் அங்கே இருந்த ஆண்களை மலைக்கு அனுப்பினார்கள். கொழுந்து எடுக்க. அதில் ஒருத்தர் டிரையருக்கு விறகு போடுகிறவர், கொழுந்தைக் காயவைக்கிற அடுப்பு அது. மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர். மனைவி இறந்து வெகு நாளாகிவிட்டது, பிள்ளை கிடையாது. அவரை எல்லாரும் டிரையர் அண்ணன் என்பார்கள். விறகு பிடித்த கைக்கு ரெண்டு இலையும் மொட்டும் கிள்ள வரவில்லை, கிளையோடு பிய்த்துக்கொண்டு வந்தது. மேஸ்திரி கத்துவார். பக்கத்து நெரைக்காரி, எனக்கு மதினி முறை, அவள் இன்னும் மோசம்.

"அண்ணே, இது அடுப்புக்கு இல்ல, டீக்கு. மரத்தையே பேத்துக்கிட்டு வந்துட்டீங்களே."

அவர் சிரித்துக்கொள்வார். திருப்பிச் சொல்லமாட்டார். அவர் தடுமாறுகிறதைப் பார்த்து, ஓரத்தில் பாறையை ஒட்டின குட்டை நெரையாகப் பார்த்து அவருக்குக் கொடுப்பார் மேஸ்திரி.

எனக்குக் காய்ச்சல் வந்து எழுந்து மலைக்குப் போன முதல் நாள் அது. பனி இறங்கி, நாலு செடிக்கு அப்பால் தெரியாத காலை. கை ஓடவில்லை. எல்லாரும் மேலே போய்விட்டார்கள், நான் பாதிக்கும் கீழே நிற்கிறேன். வழக்கமாக எனக்கு எதிரே வருகிறவர்கள் ரெண்டு பேரும் அந்த மாதம்தான் திருப்பூர் போயிருந்தார்கள். மதினிக்கு அன்றைக்கு அவள் மகளுடைய நெரையே பாக்கி இருந்தது. அப்போது என் நெரையில் மேலே செடி ஆடியது. காட்டு மாடு என்று நினைத்துவிட்டேன். பனியில் அது பக்கத்தில் வரும்வரை தெரியாது, போன வருஷம்தான் ஒருத்தியைத் தூக்கி எறிந்திருந்தது. கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடலாமா என்று கால் தயாராகிவிட்டது. பிறகு பனிக்குச் சாக்கை மடித்துக் கொங்காணியாகக் கவிழ்த்த ஒரு தலை தெரிந்தது. பிறகு கை. கிள்ளத் தெரியாத கை.

அவர் என் நெரையை எதிரே எடுத்துக்கொண்டு வந்தார்.

குட்டை நெரை சீக்கிரம் முடிந்துவிட்டது, உடம்புக்கு முடியாத ஒரு அம்மா இன்னும் மேலே வந்து சேரவில்லை, இங்கே எல்லாரும் எல்லாருக்கும் செய்கிறார்கள், நாமும் செய்வோம். அவர் நினைத்தது அவ்வளவுதான். எங்கள் ஆட்களோடு கப்பலில் வந்த வழக்கம் மேட்டுப்பாளையத்துக்காரருக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஒரு செடியில் வந்து நின்றார். முற்றின இலையும் குச்சியுமாகத் தன் கூடையை என் கூடையில் கொட்டினார். "உடம்பு தேவலைங்களா?" என்றார். மலையில் இருந்த பேச்செல்லாம் நின்றுபோயிருந்தது.

மேலே போனதும் மதினி தொடங்கினாள். மெதுவாகத்தான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"ஊமையா இருந்துக்கிட்டே காரியத்தச் சாதிச்சுட்டீங்களே மதினி. வெள்ளிக்கிழமை தட்டு வருதா, இல்ல நாங்களே வாங்கிட்டு வரணுமா?"

அவருக்கு யாரோ விஷயத்தை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் வந்து, தள்ளி நின்றார். தலையில் சுற்றியிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, எனக்கு உங்க முறை தெரியாதுங்க. உங்களுக்குச் சங்கடமாப் போச்சுன்னு சொன்னாங்க. மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்லண்ணே" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். மலையில் எல்லாப் பெண்களும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு ஆணை அண்ணே என்றுவிட்டால் பிறகு யாருக்கும் பேச இடமில்லை. எங்களுக்கு அது ஒரு கதவு மாதிரி. அந்தச் சொல் என் நாக்கு வரைக்கும் வந்தது.

"பரவாயில்லைங்க" என்றேன்.

அவர் போகாமல் நின்றார். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, நான் எடுக்கவில்லை.

"தெரிஞ்சிருந்தாலும் எடுத்திருப்பனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்துதான் அந்த ஆசை. அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசினதில்லை. பேசுவதற்கு எனக்குத் தைரியம் ஏது. காலையில் நெரை பிரிக்கும்போது அவருக்கு எந்த நெரை என்று காது போகும். பனி மூடினால் எந்தப் பக்கம் செடி ஆடுகிறது என்று கண் போகும். எடை போடுகிற கொட்டகையில் கூடையை இறக்கும்போது அவர் சட்டையில் இன்னும் ஃபேக்டரித் தூள் வாசம் வரும், உலர்ந்த தேயிலையும் விறகுப் புகையும். என் வீட்டுக்காரர் வரும்போது நான் தலை குனிந்துகொண்டேன், ஏனென்றால் நல்ல பெண் தலை குனிய வேண்டும். இந்த வயதில் எனக்குத் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மழை விட்டு, வெயில் கொஞ்சம் வரத் தொடங்கின காலத்தில், ஃபேக்டரியை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. அவருக்குத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லருக்கு விறகு போடுகிற வேலை. அக்கா மகன் பார்த்துக் கொடுத்தது. எடைக் கொட்டகைக்குப் பின்னால், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில்தான், நின்று கேட்டார். ஒளிந்து பேசுகிற ஆள் இல்லை. ஒரு அறை எடுத்திருக்கிறேன், நீங்களும் வந்தால் கோயிலில் வைத்துத் தாலி கட்டிக்கொள்ளலாம், உங்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகலாம், உங்கள் மகனும் அதே ஊரில்தானே இருக்கிறான் என்றார். எல்லாவற்றையும் யோசித்து வைத்துத்தான் கேட்டார். என்னை ஒருத்தர் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பதில் சொல்ல எனக்கு நாள் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமியாருக்குக் கண்தான் மங்கல், மலையில் நடந்தது எல்லாம் அன்றன்றைக்கே மதினி வாயால் வந்து சேர்ந்திருந்தது.

"என்னா சொன்னான் அடுப்புக்காரன்?" என்றார்.

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அழுகிறாரோ என்று பயந்தேன். தன் மகன் இருந்த இடம் அது. கொஞ்சம் கழித்து இந்தப் பக்கம் திரும்பினார்.

"நான் இந்த மலைய விட்டு எறங்கமாட்டேன். ஒரு தடவ கப்பலேறினது போதும். என் மவனப் பொதச்ச எடம் இது. நீ போறதுன்னா போ."

"உங்கள விட்டுட்டு எப்படிப் போறது?"

"இந்தா புள்ள, என்னயச் சாக்காக்காத. போக மனசில்லன்னா போகாத. ஊரு வாயிக்குப் பயந்தா பயந்தேன்னு சொல்லு. கெழவிக்காகத்தான் நின்னேன்னு நாளைக்கு எவகிட்டயும் சொல்லித் திரியாத. எனக்குப் புடிக்காது."

அவர் அப்படிச் சொல்லிவிட்டதும் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் போய்விட்டது. போகக் கூடாது என்று அவர் சத்தம் போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த நாட்களில் நான் யோசித்த மாதிரி முன்னும் யோசித்ததில்லை, பின்னும் இல்லை. கொழுந்து எடுக்கிற வேலையில் ஒரு நன்மை, கை அதன்பாட்டில் ஓடும், மனசு சும்மா இருக்கும். மலையில் யாருக்கும் வாயே இல்லை என்று வைத்துக்கொண்டு பார்த்தேன். மதினிக்கு வாய் இல்லை, மேஸ்திரிக்கு இல்லை, லயத்தில் ஒருத்திக்கும் இல்லை. மருமகள் வீட்டாருக்கு முன்னால் என் மகன் தலை குனிகிற பேச்சும் இல்லை. அப்போது நான் போவேனா? ஒவ்வொரு நாளும் காலையில் மாமியாருடைய கை தரையில் தடவித் தடவி டீ டம்ளரைத் தேடும். அதுதான் கண்ணில் வந்து நின்றது. யாருக்கும் வாய் இல்லாவிட்டாலும் அந்தக் கை தேடும். நான் போகமாட்டேன். மருமகள் என்று ஊர் சொல்வதற்காக இல்லை. அந்த இடத்துக்கு நான் எப்போதோ வந்துவிட்டேன், அதை விட்டு இறங்க எனக்கே மனசு இல்லை. மாமியார் சாக்கு இல்லை. நான் எடுத்துக்கொண்ட வேலை.

அதோடு நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேன். ஆனால் யாருக்கும் வாய் இல்லாத அந்த மலையை மறுபடியும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். அங்கே அவர் ஒரு நெரையில் பாதியில் தடுமாறிக்கொண்டு நிற்கிறார், எனக்கு முடிந்துவிட்டது. நான் என்ன செய்வேன்? கேள்வியே இல்லை. கூடையைக் கொட்டி வைத்துவிட்டு அவர் நெரைக்கு மேலே போய் நிற்பேன். அப்படியானால் இத்தனை மாதம் அதைச் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் ஊருக்காக. போகாதது என்னுடையது. எடுக்காதது என்னுடையது இல்லை. ரெண்டையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தேன், பிரித்துப் பார்த்ததும்தான் தெரிந்தது.

ரேடியோவில் பேசினவர் இதைத்தான் சொன்னாரோ என்னவோ. அவர் படித்தவர், வேறு சொல்லில் சொன்னார்.

எடைக் கொட்டகையில், பதிலுக்குக் காத்திருந்தவரிடம் சொன்னேன். நேராகப் பார்த்து, இல்லை, அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்து.

"வரலைங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு கேட்டார்.

"வர முடியாதுங்களா, வர வேண்டாமுங்களா?"

"வேண்டாம்னு இல்லைங்க. வரலை."

அவருக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். சரிங்க என்றார். வற்புறுத்தவில்லை. என் கூடையை எடுத்துக் காலி செய்து, குச்சிகளைத் தட்டி, எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அவர் கடைசியாக வேலை செய்த அன்றைக்கு மேஸ்திரி என்ன நினைத்தாரோ, குட்டை நெரை கொடுக்கவில்லை. ஆள் குறைந்துபோனதால் எல்லாருக்கும் நீள நெரை. வெயில் நன்றாக அடித்தது, பனி கொஞ்சமும் இல்லை. சில்வர் ஓக் மரத்து இலை ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிற வெளிச்சம். ஒளிவதற்கு ஒரு இடம் கிடையாது. நான் என் நெரையை முடித்து மேலே வந்தேன். மதினியும் மற்றவர்களும் சாக்கை விரித்து உட்கார்ந்து குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே பார்த்தேன். அவர் பாதிக்கும் கீழே நின்றார். கொஞ்சம் கை தேறியிருந்தது, ஆனாலும் மெதுவுதான். அவருக்கு எதிர் நெரை எடுக்க அந்த மலையில் யாரும் கிடையாது. வந்த நாளிலிருந்தே கிடையாது.

என் கொழுந்தைச் சாக்கில் கொட்டினேன். வெறும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டேன். அவர் நெரை எனக்கு நாலைந்து நெரை தள்ளி. அங்கே போவதென்றால் உட்கார்ந்திருக்கிறவர்களைக் கடந்துதான் போக வேண்டும். எனக்குக் காது சுட்டது. சின்ன வயதிலிருந்து யாரும் என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று நடந்தவள் நான். மதினி நிமிர்ந்து பார்த்தாள். வெறும் கூடையைப் பார்த்தாள், நான் எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்தாள். இதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் காலை மடக்கி, தன் சாக்கை இழுத்துக்கொண்டு எனக்கு வழி விட்டாள்.

நான் மேல்முனையில் இறங்கினேன். எடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக எடுத்ததில்லை, ரெண்டு இலை ஒரு மொட்டு, ஒரு முற்றல் விழவில்லை. செடி ஆடுவதைப் பார்த்து அவர் நிமிர்ந்தார். பிறகு மறுபடி குனிந்து எடுக்கத் தொடங்கினார். கொஞ்சம் வேகமாகவே எடுத்தார். அவர் ஏறினார், நான் இறங்கினேன். ஒரு செடி மிச்சம் இருந்தபோது ரெண்டு பேர் கையும் அதன் மேலே இருந்தது. படவில்லை. அதையும் எடுத்து முடித்தோம். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். புருவத்தில் அடுப்பு சுட்ட தழும்பு ஒன்று இருந்தது, அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

கூடையைக் கழற்றி அவர் கூடையில் கொட்டினேன். அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நன்றி சொல்லக் கூடாது என்று அவருக்கு இப்போது தெரியும். நான் திரும்பி மேலே ஏறிவிட்டேன்.

சரியாக யோசித்து முடிவெடுத்தவனுக்கு ஏக்கம் இருக்காது என்கிற மாதிரி ரேடியோவில் அந்த வாத்தியார் சொன்னார். அந்த ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நான் எடுத்த முடிவு ரெண்டும் சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன். ஏக்கமும் இருக்கிறது. மாமியார் அதற்குப் பிறகு சில வருஷம் இருந்து என் கையில் போனார். விலை ஏறியது, மறுபடி இறங்கியது. இப்போது மலையில் வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள் எடுக்கிறார்கள், சிலர் மெஷினை வைத்து வெட்டுகிறார்கள், எதிர் நெரை எடுக்க அங்கே இடமில்லை. அவரைப் பற்றி ஒரு தகவலும் வந்ததில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. ஆனாலும் பனி இறங்கின காலையில் ரோட்டில் நடந்து போகும்போது எங்கேயாவது செடி ஆடினால் என் கால் நின்றுவிடும். காட்டு மாடாக இருந்தாலும் சரி என்று நிற்கும்.

அவர் நெரையில் இறங்கின அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். மாமியார் இருட்டில் உட்கார்ந்திருந்தார். மதினி அன்றைக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, அதனால் அவருக்குச் செய்தி தெரியாது.

"என்னா புள்ள, நேரங்கழிச்சு வர்ற?"

"அவருக்கு எதிர் நெரை எடுத்தேன்."

விறகு பற்றிக்கொண்டதும் மாமியார் கேட்டார்.

"முழுசுமா?"

"இல்ல. நடுவுல வரைக்கும்."

"அதுதான் முறை" என்றார்.

மறுநாள் விடியும்போது எழுந்து டீ வைத்தேன். திருப்பூர் போகிறவர்கள் ஏறுகிற மேட்டுப்பாளையம் முதல் பஸ் எங்கள் லயத்துக்கு மேலே கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பும். அன்றைக்கும் அடித்தது. சத்தம் இறங்கி, இறங்கி, சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் போய்க் குறைந்தது. நான் கதவைத் திறக்கவில்லை. எனக்குப் பின்னால் மாமியாருடைய கை தரையில் தடவத் தொடங்கியது. டம்ளரை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.